இரண்டாம் முறை சொன்ன பதில்

அப்போது திருப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். புராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களிடம் தாம்பத்தியம் பற்றிக் கேட்கும் ஒரு கேள்வித்தாளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்கும்போதும் பதில்கள் ஒத்துப்போனால்தான் அந்தத் தாளை நம்ப முடியும்.

சாமளாபுரத்தில் தறி ஓட்டும் ஒருவர் முதல் முறை, "ஒரு குறையுமில்லீங்க" என்றார். அடுத்த முறை, "ரெண்டு வருசமா ஒண்ணும் முடியறதில்லீங்க" என்றார்.

"இப்படி மாத்திச் சொன்னா எப்படிங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போன தடவ என்ற ஊட்டுக்காரி கதவோரமா உக்காந்திருந்தாளுங்க. காதுல உழுந்தா கூசிப்போவாளேன்னு பொய் சொன்னனுங்க. போன வாரம் தவறிட்டாளுங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அத்தனை அந்தரங்கக் கேள்விகள் கேட்ட நான், "வீட்டுக்காரம்மா வரலீங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கவில்லை.