இரண்டு வீட்டு விருந்தும் என் இதயத் துடிப்பும்

இரண்டு வருடங்களுக்கு முன், ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. தமிழுக்கு மாசி. மாலை அஸர் தொழுகையில் ருகூவுக்குக் குனிந்து நிமிர்ந்தபோது நெஞ்சுக்குள் வலையில் விழுந்த மீன்போல் ஏதோ துள்ளியது. நிற்கவில்லை. கண் இருண்டது. பக்கத்தில் நின்றவர் தாங்கியிராவிட்டால் விழுந்திருப்பேன். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. என் மனைவி ஆயிஷாவுக்கு ஏழாம் மாதம்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் குடும்பங்களின் வழக்கப்படி, திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் தங்குவான். என் உம்மாவின் வீடோ அடுத்த தெருவிலேயே இருக்கிறது. வேலை காரைக்காலில், விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில், நாள் முழுக்க நாற்காலி. வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து உம்மாவைப் பார்க்கப் போனால், கடைசியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த வட்டலப்பம்வரை சாப்பிடாமல் விடமாட்டார். "அங்க வயிறு நெறயலன்னு மொவத்துலயே தெரியுது, உக்காரு" என்பார். அங்கிருந்து வந்தால் மாமி, ஆயிஷாவின் உம்மா, நெய்ச்சோற்றோடு காத்திருப்பார். நான் கையை இழுத்தால், "என்ன தம்பி, எங்க சமையல் எறங்கலியா?" என்று முகம் வாடும். இருவர் மனமும் நோகக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமைப் பழக்கம் மெல்ல மற்ற நாட்களுக்கும் வந்தது. கல்யாணச் சட்டை ஒன்றும் சேரவில்லை. "மாப்பிள்ள செழிப்பா இருக்காரு" என்று ஊர் பாராட்டியது. படி ஏறினால் மூச்சு வாங்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று பள்ளிவாசலிலிருந்து என்னைக் காரைக்காலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். உம்மாவும் மாமியும் ஒரே ஆட்டோவில் வந்திறங்கினார்கள். ஈசிஜி எடுத்த இளம் பெண் டாக்டர், "மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுலதான் டாக்டர்" என்றார் உம்மா.

"எங்க வீட்டுலயும்தான்" என்றார் மாமி.

டாக்டர் பேனாவை மூடினார். "ரெண்டு எடத்துலயுமா?"

உம்மா என்னைப் பார்த்தார். "ஏன்டா, எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொன்னா எந்த வீட்டுச் சோத்த வேணாங்குறது உம்மா?"

"சம்மந்தி நெய்ய ஊத்தியே புள்ளய கெடுத்துட்டாங்க" என்றார் உம்மா.

"ஒங்க வட்டலப்பத்த மட்டும் தண்ணியிலயா செய்யிறீங்க?" என்றார் மாமி.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு ஈசிஜி தாளை அவர்கள் முன்னால் விரித்தார். "இதயம் துடிக்க உள்ளுக்குள்ளயே கரண்ட் பொறக்குது. மேல் அறையில தொடங்கி கீழ எறங்கும். இந்த உயரமான கோட்டுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன மேடு இருக்கணும். இதுல இல்ல பாருங்க. மேல் அறை சீரா துடிக்கல, நடுங்குது. எடை ஏற ஏற இதயத்துக்கு வேலை கூடும், அறை விரியும், சுத்தியும் கொழுப்பு படியும். கரண்ட் தாமதமாகும், வழி தவறும். இந்த வயசுலயும் இது வரும்."

"புள்ள பொழச்சிடுவானா?" என்றார் உம்மா. மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருந்து குடுக்குறோம். எடையக் கொறச்சா பழையபடி ஆக வாய்ப்பு இருக்கு. கொறைக்கலன்னா மறுபடி வரும்."

நெஞ்சில் ஒயர்கள். துஆவுக்குக் கையேந்தக்கூட முடியவில்லை. படுத்தபடியே கேட்டேன். யா அல்லாஹ், என் குழந்தையின் முகத்தை எனக்குக் காட்டு. இந்த இரண்டு தாய்மாரையும் நோகடிக்காமல் 'போதும்' என்று சொல்ல எனக்கு ஒரு நாவைக் கொடு. என்னால் முடியவில்லை. அழுதேன்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன் துள்ளல் நின்றது. புதிதாக எடுத்த ஈசிஜியில் சின்ன மேடு திரும்பியிருந்தது. இருக்கவேண்டியதைவிட அகலமாக இருப்பதாக டாக்டர் சொன்னார். கரண்ட் இன்னும் தாமதமாகத்தான் போகிறதாம்.

வீடு திரும்பிய முதல் வெள்ளி. நான் உம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்பே அவர் மாமி வீட்டு வாசலில் நின்றார். கையில் பாத்திரம் எதுவும் இல்லை. "இனி வெள்ளிக்கெழம நானும் இங்கயே சாப்புடுறேன் சம்மந்தி" என்றார். இருவரும் சேர்ந்து மீன் ஆணம் என்னும் குழம்பும் கீரையும் சமைத்தார்கள். நான் மறுசோற்றுக்குக் கை நீட்டியபோது மாமி சட்டியை மூடினார். "போதும், எந்திரிங்க தம்பி."

"நல்லா சொன்னீங்க" என்றார் உம்மா.

நான் கேட்ட நாவை இறைவன் எனக்குக் கொடுக்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்தான்.

டாக்டர் சொன்னபடி அந்த ரமலானில் நோன்பு வைக்கவில்லை. அவர் அனுமதித்த பிறகு விடுபட்டவற்றை வைத்து நிறைவேற்றினேன். மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். தினமும் விடியலில் சுப்ஹு தொழுதுவிட்டுக் கடற்கரைவரை நடந்தேன். எடை மெல்லத்தான் இறங்கியது. நடுவில் ஒருமுறை ஏறவும் செய்தது. மறுவருடம் ஷஃபானில் எடுத்த ஈசிஜியில் அந்த மேடு உரிய அளவுக்குக் குறுகியிருந்தது. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, கிடைத்த சுத்தமான மூலையில் நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தேன்.

சகோதரர்களே, சகோதரிகளே, படபடப்பை இளவயது என்று தள்ளிவிடாதீர்கள். கண்ணேறு என்று ஓதிப் பார்த்தால், ஓதிவிட்டு ஈசிஜியும் எடுங்கள். மனமுருகிக் கேளுங்கள். பதில் மருந்தாகவோ, மூடிய சட்டியாகவோ வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

என் நெஞ்சு துள்ளிய அந்த வருடமே, ரமலான் முடிந்த ஷவ்வாலில் மகள் பிறந்தாள். இப்போது என் நெஞ்சில் தலைவைத்துத்தான் தூங்குகிறாள். அவள் காதுக்கடியில் அது சீராகத் துடிக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.