அம்மா கழற்றிய போல்ட்

வயலில் நின்ற உழவு இயந்திரத்தின் சில்லுகளை அச்சோடு பூட்டிய போல்ட்டுகள் துருவேறி இறுகிவிட்டன. வவுனியாக் கடையில் கடைக்காரர் எனக்கு முதலில் துளைகருவியைக் காட்டினார்.

"இது துளைக்கத்தான் சரி, அண்ணை. வயலில கரண்ட் இல்லை. போல்ட் கழட்ட, பற்றரியில ஓடி அடிச்சு அடிச்சுச் சுத்திறதைத் தாங்கோ," என்றேன்.

அவர் வேறொன்றை எடுத்து, கடையில் கிடந்த துருப்பிடித்த போல்ட் ஒன்றில் வைத்து அழுத்தினார். 'டக்' என்று அது விட்டுக்கொடுத்த சத்தத்தில் நான் துணுக்காய் ஊரில் இருந்த எங்கள் பழைய வயலுக்கு நினைவில் போய்விட்டேன்.

அப்போது நான் சிறுமி. என்னைப் பெற்ற ஐயா காய்ச்சலில் கிடந்தார். நெல் வாடிக்கொண்டிருக்க, தண்ணீர்ப் பம்பு நின்றுவிட்டது. அதைத் திறந்து பழுது பார்க்க ஒரு போல்ட் மட்டும் கழலவில்லை. அம்மா ஊற்றிய மண்ணெண்ணெய் வெயிலில் மணத்தது. ஸ்பனர் வழுக்கி அவர் கை கிழிந்தது.

"விடு தங்கச்சி, நாளைக்குப் பாப்பம்," என்றார் பக்கத்து வயல்காரர்.

"நாளைக்குப் பயிர் கருகிப்போடும், அண்ணை."

ஸ்பனரின் பிடியில் இரும்புக் குழாயொன்றைச் செருகி, அதன்மேல் ஏறிக் குதித்தார் அம்மா. 'டக்!' சேற்றில் விழுந்தவர் அங்கிருந்தே சிரித்தார். அன்று பின்னேரமே பம்பு ஓடி, வயலில் தண்ணீர் பாய்ந்தது.

கடைக்காரர் காட்டிய கருவியை வாங்கிக்கொண்டு, உழவு இயந்திரம் நின்ற வயலுக்கு வந்து, முதல் போல்ட்டை நொடியில் கழற்றினேன். வரம்பில் இருந்த அம்மா எழுந்து வந்தார்.

"தா பிள்ளை, நானும் ஒண்டு கழட்டிப் பாக்கிறன்."

கருவி என் கைக்குத் திரும்பி வரவேயில்லை. மிச்சம் அத்தனையையும் அவரே கழற்றினார்.