அவைத்தலைவியின் ஒற்றை வாக்கு

வாக்குகள் சமமாக நின்றபோது அவள் தண்ணீர் குடித்தாள். நாற்பத்தொரு கைகள் ஒருபுறம், நாற்பத்தொரு கைகள் மறுபுறம். எண்ணிய மாணவர் இருவரும் தத்தம் தாள்களை ஒப்பிட்டு, மறுபடி எண்ணி, மறுபடியும் அதே எண்ணையே சொன்னார்கள். அவைத்தலைவியாக அமர்ந்திருந்த பத்தாம் வகுப்பு மாணவி, மேசைமேலிருந்த எவர்சில்வர் குப்பியைத் திறந்து, உதடு படாமல் அண்ணாந்து குடித்து, மூடி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் கற்பித்துவந்த பத்தாம் வகுப்புத் தமிழ் இனி என்னிடம் இருக்குமா என்பது அவளுடைய ஒரு வாக்கைப் பொறுத்திருந்தது. அவளோ தமிழில் எப்போதும் முதலிடம் பெறும் என் மாணவி. ஆகவே நான் கலங்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவளுக்கு எவ்வாறு நன்றி கூறுவது என்று சொற்களைத் தேர்ந்துகொண்டிருந்தேன்.

அம்பத்தூரில், கள்ளிக்குப்பம் போகும் வழியில், இரண்டு பட்டறைகளுக்கு நடுவே இருந்தது அந்த உயர்நிலைப் பள்ளி. இரும்பு கடையும் ஓசைக்கு மேலே குரலை உயர்த்தத் தெரிந்தவர்தான் அங்கே ஆசிரியராக நிலைக்க முடியும். எங்கள் தலைமையாசிரியை, ஒரு முடிவுக்கு உட்படுகிறவர்களைக் கேளாமல் அம்முடிவை எடுக்கலாகாது என்னும் கொள்கையர். கொள்கை பலருக்கும் உண்டு. அவர் அதற்குக் கால அட்டவணையில் இடமும் ஒதுக்கியிருந்தார். வெள்ளிதோறும் கடைசி இரு பாடவேளைகளில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவரும் ஆசிரியரும் கூடத்துத் தரையில் கலந்து அமர்வோம். ஆளுக்கொரு வாக்கு. தலைமையாசிரியைக்கும் ஒன்றே. அவைத்தலைமை ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு. வாக்குகள் சமன்பட்டாலன்றி அவர் வாக்களிப்பதில்லை.

அந்த அவைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிறர் கருத்தை மறுக்க எழுகிறவர், முதலில் அக்கருத்தைத் தம் வாயால் எடுத்துரைக்க வேண்டும். கருத்துக்கு உரியவர் ‘ஆமாம், அதுதான்’ என்று ஒப்பிய பின்னரே மறுப்பைத் தொடங்கலாம். மழைக்காலத்தில் காலணிக்கு மாற்றாகச் செருப்பணியலாமா என்ற சிறு பொருளிலேயே இது முழுப் பாடவேளையையும் விழுங்கியதுண்டு. தொடக்கத்தில் இதை வீண் வேலை என்றே எண்ணினேன். பின்னர் எனக்கே அதில் ஒரு பெருமிதம் வந்துவிட்டது. அவை, அவைத்தலைவர், தீர்மானம், முன்மொழிவு என்று எல்லாவற்றுக்கும் பெயர் சூட்டியவன் நான். பேச்சுரிமையைப் போற்றுவதில் என்னை விஞ்சியவர் அப்பள்ளியில் இல்லை என்றே நம்பியிருந்தேன்.

ஒரு திங்களன்று அறிவிப்புப் பலகையில் அந்த வாரத்திற்கான முன்மொழிவைக் கண்டேன். ‘பத்தாம் வகுப்புத் தமிழை ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியர் எடுக்க வேண்டும். ஐயா ஒன்பதாம் வகுப்பை எடுக்கலாம்.’ கீழே கையெழுத்திட்டிருந்தவன் கள்ளிக்குப்பத்து மாணவன் ஒருவன். நிலத்தை விற்று, அது வீட்டு மனைகளானதைக் கண்ட பழைய உழவர் குடும்பத்துப் பிள்ளை; கடைசி வரிசையில் அமர்பவன்; வகுப்பில் வாய் திறவாதவன். ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் கணக்காசிரியர் விடவில்லை. “இன்னா ஐயா, பத்துலேர்ந்து ஒண்ணைக் கழிச்சுட்டானுங்களே!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

தலைமையாசிரியையிடம் சென்றேன். அத்தாளை எடுத்துவிடுமாறு நான் கேட்கவில்லை. கேட்பதற்கு ஏற்ற முகத்துடன் நின்றிருந்தேன் என்பது உண்மை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “எடுத்துடலாம் ஐயா. எனக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனா நாளையிலேர்ந்து புள்ளைங்க செருப்பைப் பத்தி மட்டுந்தான் பேசுவாங்க.” நான் திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளியன்று கூடம் நிறைந்திருந்தது. முன்மொழிந்தவன் எழுந்து, தாளில் இருந்ததை மட்டும் படித்துவிட்டு, “ஐயா கூடப் பேசினா எங்களுக்குப் பேச வர்ல. அதான்” என்று சொல்லி அமர்ந்தான். மறுப்புரைக்க நான் எழுந்தேன். வழக்கப்படி முதலில் அவன் கருத்தை நான் எடுத்துரைக்க வேண்டும். “பாடம் கடினமாக இருப்பதாகவும், தேர்வில் மதிப்பெண் குறையுமென அஞ்சுவதாகவும் இம்மாணவன் கூறுகிறான்” என்றேன்.

“அது இல்லைங்க ஐயா.”

“என் நடை உங்களுக்குப் புரியவில்லை என்கிறாய்.”

“புரியுது ஐயா, நல்லாவே புரியுது. ஊட்ல அம்மாகிட்ட உங்கள மாதிரியே பேசிக் காட்டுவேன். அம்மா, போதும்டா சாமின்னு கையெடுத்துக் கும்பிடும்.” கூடம் அதிர்ந்தது. கணக்காசிரியர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாம் முறை, நான் கண்டிப்பானவன் என்பதே அவன் குறை என்றேன். அதற்கும் தலையசைத்து மறுத்தான். முன்மொழிவின் கருத்தை அவைத்தலைவியே விளக்கினால் நேரம் மிஞ்சும் என்று அவளை நோக்கிச் சொன்னேன். அவள் எழுந்து நின்றாள். என்னிடம் பேசும்போது எப்போதும் எழுந்து நிற்பாள். “நான் விளக்கக் கூடாதுங்க ஐயா. தெரியலன்னா அவனையே கேளுங்க” என்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் விடை தெரியாமல் ஒரு மாணவனிடம் கேள்வி கேட்டது அன்றுதான். அதுவரை கேட்டவையெல்லாம் விடை தெரிந்த கேள்விகள்.

அவன் சொன்னான். “ரெண்டு மாசம் முன்னாடி ஏரிப் பாடம் நடத்துனீங்க ஐயா. ஏரி நெறஞ்சா ஊரு செழிக்கும்னீங்க. எங்க ஊட்ல ஏரி நெறஞ்சா துணியெல்லாம் பீரோ மேல ஏத்திக்கினு மாடிக்கு ஓடுறோம். பாடத்துல அப்படிக் கீது, இங்க ஏன் இப்படிக் கீதுன்னு கேட்டேன். ‘கீது’ன்னு சொல்லாத, ‘இருக்கிறது’ன்னு சொல்லுன்னீங்க. சொன்னேன். ‘ஊட்ல’ இல்ல, ‘வீட்டில்’னீங்க. அதையும் சொன்னேன். ‘ஏத்திக்கினு’வையும் மாத்தச் சொன்னீங்க. எல்லாத்தையும் மாத்திச் சொன்னதும் ‘மிக நன்று, அமர்க’ன்னீங்க. பெல் அடிச்சிடுச்சு. பதில் வர்ல. அப்புறம் நான் கேக்கல. இவனுங்களும் கேக்கல.”

எனக்கு அந்நாள் நினைவிருந்தது. அவன் வாக்கியம் படிப்படியாகத் துலங்கிவந்ததைக் கண்டு நான் மகிழ்ந்ததும் நினைவிருந்தது. அவன் என்ன கேட்டான் என்பது மட்டும் நினைவில் இல்லை. “நான் உங்கள் கேள்வியைத் திருத்துகிறேன், விடை சொல்வதில்லை. ஆதலால் வகுப்பில் கேள்விகள் நின்றுவிட்டன” என்றேன். “ஆமாம் ஐயா, அதுதான்” என்றான் அவன், எவ்வித வெற்றிக் களிப்புமின்றி.

அவ்விடத்தில் நான் அமர்ந்திருக்க வேண்டும். ஆனால் மறுக்கும் உரிமை எனக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. கிடைத்த உரிமையைக் கைவிடும் பழக்கம் என்னிடம் இல்லை. கால் மணி நேரம் பேசினேன். பிழையற்ற மொழி பிள்ளைகளுக்கு எத்தகைய வாயில்களைத் திறக்கும் என்று விளக்கினேன். என் முன்னாள் மாணவர்கள் எந்தெந்தப் பணிகளில் இருக்கிறார்கள் என்று அடுக்கினேன். நல்ல உரை, இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். கைதட்டல் எழுந்தது. மாணவர் பலரும், ஆசிரியர் பெரும்பாலோரும், தலைமையாசிரியையும் எனக்காகக் கை உயர்த்தினர். என் கையையும் நானே உயர்த்திக்கொண்டேன். அவ்வாறு திரண்டவைதாம் என் பக்கத்து நாற்பத்தொன்று.

குப்பியை மூடிய அவள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள், பார்வையை விலக்கவில்லை. “மாற்றத்துக்கு ஆதரவா என் வாக்கு. தீர்மானம் நிறைவேறியது” என்றாள். பிறகு பதிவேட்டில் எழுதிவிட்டு, “அடுத்தது, குடிதண்ணித் தொட்டி கழுவுறது” என்றாள்.

அந்த வார இறுதியில் ஒரு பணிவிலகல் கடிதம் எழுதினேன். ஞாயிறு மாலை அதைப் படித்துப் பார்த்தபோது, அதில் சினம் அழகாக இருந்தது, காரணம் இல்லை. அவ்வளவு நேரம் பேசி, என்னை மறுத்தவர்களுள் ஒருவரது மனத்தையேனும் நான் மாற்றினேனா என்று அப்போதுதான் எண்ணினேன். திங்களன்று ஒன்பதாம் வகுப்புக்குச் சென்றேன்.

முதல் கேள்வி பத்து நிமிடத்தில் வந்தது. வாக்கியத்தில் நான்கு பிழைகள். நாக்கின் நுனிவரை வந்த திருத்தங்களை விழுங்கிக்கொண்டு விடை சொல்ல வாய் திறந்தபோது, விடை எனக்கு முழுமையாகத் தெரியவில்லை என்பதை உணர்ந்தேன். திருத்துவது எனக்கு எவ்வளவு நல்ல மறைவிடமாக இருந்திருக்கிறது! ‘தெரியவில்லை, நாளை பார்த்துச் சொல்கிறேன்’ என்றேன். திருத்தங்களைச் சிறு தாளில் குறித்து வகுப்பு முடிந்தபின் கொடுத்தேன். அவர்கள் அவற்றை விரும்பியே வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். செம்மையான மொழிமீது எனக்குள்ள பற்று அன்றும் குறையவில்லை, இன்றும் குறையவில்லை. அதற்கு உரிய வேளை எது என்பதை மட்டுமே அப்பிள்ளைகள் எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கள்ளிக்குப்பத்து மாணவனையும் தேடிப் போய், அவன் கேள்விக்கு விடை தெரியாதென்று ஒப்புக்கொண்டேன். “பரவால்ல ஐயா. எங்க தாத்தா நெலத்துலதான் ஏரித் தண்ணி வந்து நிக்குமாம். இப்ப அதுல ஊடுங்க. அதான் போல” என்றான். தன் விடையை அவனே தேடிக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்து, படிக்கட்டில் எதிரே வந்த அவைத்தலைவியை நிறுத்திக் கேட்டேன், என்மீது அவளுக்கு ஏதேனும் மனக்குறை உண்டா என்று. அவள் பதறிவிட்டாள். “ஐயோ, இல்லைங்க ஐயா. எனக்கு உங்க கிளாஸ் ரொம்பப் பிடிக்கும். நீங்க போனதுல எனக்குத்தான் நட்டம்.” பிறகு நிதானமாக, “ஆனா எனக்குப் பிடிக்கும்னு சொல்லி, கேள்வி கேக்க முடியாதவங்களை எப்படி அங்கயே உட்கார வைக்கிறது?” என்றாள்.

ஓய்வு பெற்று, இப்போது காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்கக வீட்டில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் படித்தவர்களும் பெரும்பதவி வகித்தவர்களும் உள்ளனர். “யாருக்காச்சும் மறுப்பு உண்டா?” என்று செயலாளர் கேட்பார்; மூச்சு விடுமுன் “இல்லை, தீர்மானம் பாஸ்” என்பார். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் மின்தூக்கியில் ஏறக் கூடாதென்று சென்ற மாதம் அவ்வாறுதான் முடிவாகவிருந்தது. நான் கை உயர்த்தி, அப்பெண்களுள் ஒருவரையேனும் அழைத்துக் கேட்போம் என்றேன். கீழே காத்திருந்த அம்மையார் ஒருவரை அழைத்து வந்தார்கள். “நாலாவது மாடிக்கு நாலு தபா ஏறி இறங்குறேன். அப்பால வேலை செய்ய முட்டி ஒத்துழைக்கணும்ல, சார்?” என்றார். தீர்மானம் விழுந்தது. இத்துணிவு எனக்கு நூல்களிலிருந்து வந்ததன்று.

அந்த அவைத்தலைவியைக் கடைசியாகக் கண்டதைச் சொல்லி முடிக்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்து அவள் வேறொரு மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தாள். நான் கற்பித்துவந்த ஒன்பதாம் வகுப்பு பத்தாம் வகுப்பானதும், தமிழை நானே எடுக்க வேண்டும் என்று அம்மாணவர்களே முன்மொழிந்தார்கள். தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது. அன்று மாலை அம்பத்தூர்ப் பேருந்து நிறுத்தத்தில், புதிய சீருடையில் அவள் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் பையை இறக்கிவைத்து நேராக நின்றாள். செய்தியைச் சொன்னேன்; பாராட்டை எதிர்பார்த்தே சொன்னேன் என்பதை மறைப்பானேன்.

அவள் முகம் மலர்ந்தது. “எத்தனை பேரு எதிர்த்தாங்க ஐயா?”

“ஏழு பேர்.”

“அந்த ஏழு பேரும் இன்னா சொன்னாங்க?”

அவளுடைய பேருந்து வந்து நின்றது. அவள் ஏறவில்லை, விடைக்காகக் காத்திருந்தாள். நான் முதலாமவன் சொன்னதிலிருந்து தொடங்கினேன்.