காப்புக் கட்டிய ஊரில் பாட்டு டீச்சர்

செல்வராணி டீச்சருக்குக் குரல் போய்விட்டது. அடியோடு போகவில்லை, காய்ந்த பனையோலையைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். இரண்டாம் வரிசைக்குக் கேட்காது.

ஒரு காலத்தில் மணமேல்குடியில் அவள் பாடினால் மீன் ஏலம் போடுகிறவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள் என்று அவளுடைய அம்மா பெருமையாகச் சொல்லுவாள். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒன்றாம் வகுப்புப் பாடல், வாய்ப்பாடு, வார நாட்கள் எல்லாவற்றையும் பாட்டாகவே நடத்தினாள். அப்புறம் கழுத்தில் தைராய்டு கட்டி. உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லித்தான் அறுத்தார்கள். உயிர் இருந்தது. கண் விழித்துத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தபோது குரலைத்தான் காணவில்லை.

கணவர் வேலையை விட்டுவிடச் சொன்னார். பிள்ளைகளைக் கூப்பிடக்கூட முடியாதவள் எப்படிப் பாடம் நடத்துவாள் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். அவளோ விடுப்பு முடிந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்றைக்கு வகுப்பில் ஒரே கூச்சல். அமைதி என்று சொல்ல வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, கையில் இருந்த டஸ்டரால் மேசையைத் தட்டினாள். தட், தட், தடதட தட். முன்வரிசையில் ஒரு வாண்டு தன் பலகையில் அதையே திருப்பித் தட்டியது. பின்வரிசை தட்டியது. வகுப்பு முழுக்கத் தட்டியது. செல்வராணி டஸ்டரையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தொண்டை போனால் என்ன, கை இருக்கிறதே என்று அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குத் தோன்றியது.

போன ஜூனில் மாறுதல் கிடைத்து, வல்லத்திராக்கோட்டைக்கு உள்ளே தள்ளி இருக்கும் இந்த ஊருக்கு வந்தாள். இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளி. தலைமை ஆசிரியர் பிச்சைமுத்து புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்து போகிறவர்; ஓய்வு பெறும்வரை எந்த வம்பும் வந்துவிடக் கூடாது என்பதே அவருடைய பிரார்த்தனை. தினமும் கடைசிப் பிரிவேளையைப் பாட்டுக்குக் கேட்டாள். வம்பு வராதவரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

அவள் பாட்டு சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் கைகளில் சத்தத்தைக் கொடுத்தாள். பெயிண்ட் டப்பா முரசாயிற்று. இரண்டு கொட்டாங்குச்சிகள் குதிரைக் குளம்பாயின. பாட்டிலுக்குள் புளியங்கொட்டை போட்டுக் குலுக்கினார்கள். மதியச் சாப்பாட்டுத் தம்ளர்களில் ஏற்றம் இறக்கமாகத் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் தட்டி, எதில் சத்தம் மேலே போகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். போர்வெல் போட்டு மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்களைச் சின்னதும் பெரிதுமாக அறுத்து, குழாயின் வாயில் பழைய ரப்பர் செருப்பால் தட்டினால், அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு கும்மென்ற நாதம். டீக்கடையில் அதையும் விட்டுவைக்கவில்லை. டீச்சர் பிள்ளைகளுக்குச் செருப்படி கற்றுக் கொடுக்கிறது என்று சிரித்தார்கள். வாயில்லாத டீச்சருக்குப் பாட்டு வகுப்பாம் என்றும் சொன்னார்கள். அவள் காதில் விழுந்தது. காது நன்றாகத்தான் இருந்தது.

பங்குனி வந்தது. செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள்.

வியாழக்கிழமை அவள் ஒரு புதுப் பயிற்சி வைத்திருந்தாள். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி இடிப்பார்களே, ஒருத்தி உலக்கை ஏறும்போது மற்றவள் உலக்கை இறங்கும், முட்டாது, மோதாது. தாளம் என்றால் அதைவிடத் தாளம் உண்டா? பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை மணல் மூட்டையில் இடித்துக் காட்டலாம் என்று நினைத்தாள். யார் வீட்டிலாவது உலக்கை இருந்தால் எடுத்து வரும்படி முதல் நாளே சொல்லிவிட்டாள். மறுநாள் இரண்டு வந்தன. ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தவள் மூன்றாம் வகுப்புக் காவ்யா.

தலைமை ஆசிரியர் அன்று பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மணல் மூட்டையில் உலக்கைகள் திம் திம் என்று மாறி மாறி விழுந்தன. பிள்ளைகளின் முகமெல்லாம் பூத்திருந்தது. அப்போது சத்துணவுச் சொர்ணவல்லி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். மூச்சு வாங்க அவள் சொன்ன பிறகுதான் செல்வராணிக்குத் தெரிந்தது: காப்புக் கட்டினால் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் அந்த ஊரில் உலக்கைச் சத்தம் கேட்கக் கூடாது. இடித்தால் அது அம்மன் நெஞ்சில் இடித்த மாதிரி. அவள் பிறந்த ஊரிலும் காப்புக் கட்டுவார்கள். ஊரை விட்டு வெளியே இரவு தங்கக் கூடாது என்பதுதான் அங்கே கட்டு. உலக்கைக்கு ஒரு கட்டு இருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

விதி அத்தோடு விட்டதா? அன்று பொழுது சாய்கிற நேரத்தில் எங்கிருந்தோ ஒரு சுழற்காற்று வந்து கோயில் முன்பந்தலை அப்படியே சாய்த்துவிட்டுப் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். முன்னால் நின்றவள் அழகம்மாள். காவ்யாவின் அம்மா. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. திருவிழா முடிந்ததும் குழு கூடப் போகிறது; பாட்டுப் பிரிவேளையை எடுத்துவிட்டுக் கணக்குக்குக் கொடுக்கும்படி தீர்மானம் போடப் போவதாக அவள் ஏற்கெனவே தலைமை ஆசிரியருக்குப் போனில் சொல்லியிருந்தாள். பிச்சைமுத்து வேர்த்து விறுவிறுத்துப் போனார். நானே பேசி மன்னிப்புக் கேட்டு, வகுப்பை நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் உள்ளேயே இருங்கள் என்றார்.

 அந்தப் பிரிவேளை போனால் தனக்கு இரண்டாவது முறையாகக் குரல் போகும் என்று செல்வராணிக்குத் தெரியும். இந்த முறை அறுப்பது டாக்டர் இல்லை. தலையை அசைத்து மறுத்துவிட்டு வெளியே நடந்தாள். நின்ற இடத்திலிருந்து பேசினால் யாருக்கும் கேட்காது. ஆகவே நடந்துகொண்டே போனாள். அழகம்மாளுக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றாள்.

அழகம்மாள்தான் முதலில் பேசினாள். "பரண்ல மஞ்சத் துணி சுத்தி வச்சிருந்த ஒலக்கைய என் பிள்ளை ஏறி எடுத்திருக்கா டீச்சர். அம்மனை விட ஒங்களப் பெருசா நெனச்சுட்டா. அவுக அப்பா கடல் தாண்டிக் கெடக்காரு. அவரு நல்லாத் திரும்பணும்னுதான் நான் முளைப்பாரி போட்டிருக்கேன். நேத்துப் பந்தல் விழுந்துச்சு. அவருகிட்ட இருந்து போனும் வரல. என் வயித்துக்குள்ள என்ன ஓடுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

கோபத்துக்குக் கீழே இருந்தது பயம் என்று செல்வராணிக்கு அப்போதுதான் புரிந்தது. கண் கலங்கியது. ஆனால் குனியவில்லை.

"தெரியாமச் செஞ்சேன். அது என் தப்பு. காவ்யா மேல ஒண்ணுமில்ல."

பின்னாலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்னா சொல்லுது டீச்சர்? இங்கிட்டு ஒண்ணும் கேக்கலையே."

அழகம்மாள் திரும்பினாள். வேறு வழியில்லை. "தெரியாமச் செஞ்சிட்டாகளாம். அவுக தப்புதானாம்."

"ஆத்தா முன்னால விழுந்து மன்னிப்புக் கேக்குறேன். ஆனா வகுப்ப நிறுத்த மாட்டேன்."

 பின்னால் மறுபடியும் என்னவென்று கேட்டார்கள்.

"மன்னிப்புக் கேப்பாகளாம். வகுப்ப மட்டும் நிறுத்த மாட்டாகளாம்."

டீச்சரின் ஓலைச் சத்தத்தில் வந்த அந்தப் பிடிவாதம், அழகம்மாளின் கணீர்க் குரலில் ஊருக்கே கேட்டது. எதிர்க்க வந்தவளே தன் வாயால் அதைச் சொல்லும்படி ஆகிவிட்டது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அழகம்மாள் முறைத்த முறைப்பில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

காப்பு அவிழ்க்கும்வரை எந்தச் சத்தம் ஆகும், எது ஆகாது என்று செல்வராணி கேட்டாள். அதையும் அழகம்மாள்தான் திருப்பிச் சொன்னாள். உலக்கை ஆகாது, கொட்டு கோயிலில் மட்டும்தான் என்று ஆளாளுக்கு அடுக்கினார்கள். கை தட்டலாமா என்று செல்வராணி தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"கைக்கு என்ன, கும்மி அதுலதானே அடிக்கிறோம்" என்றாள் ஒருத்தி.

"அப்ப கை போதும்" என்றாள் செல்வராணி.

அன்று மதியமே கோயிலுக்குப் போய் ஈரச் சேலையோடு விழுந்து கும்பிட்டாள். திரும்பி வந்து டப்பா, குழாய், கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியைச் சொர்ணவல்லியிடம் கொடுத்தாள். கடைசிப் பிரிவேளைக்குக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஊரே கேட்கட்டும்.

கை மட்டும்தான். ஆனால் ஒரு கையில் எத்தனை சத்தம்! உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் ஒன்று, விரித்துத் தட்டினால் ஒன்று, இரண்டு விரலால் தட்டினால் தூறல். ஒரு வரிசை தட்டும்போது விடுகிற இடைவெளியில் அடுத்த வரிசை தட்ட வேண்டும். உலக்கை மாறி விழுவது போல. பிள்ளைகள் தடுமாறினார்கள், சண்டை போட்டார்கள், இவன்தான் கெடுத்தான் என்று அழுதார்கள். அவள் விடவில்லை. சரியாக வரும்வரை திரும்பத் திரும்பத் தட்ட வைத்தாள்.

காவ்யா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் உத்தரவு. பாட்டு பீரியடில் கை அவிழக் கூடாது. செல்வராணி அவளை வற்புறுத்தவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் கால் கட்டைவிரல் தரையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் அழகம்மாளுக்குக் குவைத்திலிருந்து போன் வந்துவிட்டது. இரட்டை ஷிப்ட் பார்த்ததில் கூப்பிட முடியவில்லையாம். செய்தியைச் சொர்ணவல்லி வந்து சொன்னாள். தீர்மானம் பற்றி அழகம்மாள் ஏதாவது சொன்னாளா என்று செல்வராணி சைகையில் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள் சொர்ணவல்லி.

முளைப்பாரி எடுக்கிற புதன்கிழமை வந்தது. சாயங்கால வெயிலில் கோயில் பொட்டலின் நடுவே முளைப்பாரிச் சட்டிகள் இளம்பச்சையாகக் கூடியிருந்தன. பெண்கள் சுற்றி நின்று கும்மி தொடங்கினார்கள். செல்வராணி கோயில் சுவர் ஓரமாகத் தள்ளி நின்றாள். தப்புச் செய்தவள் நடுவில் வந்து நிற்கலாமா என்று ஒரு கூச்சம்.

அம்மாவின் பக்கத்தில் காவ்யா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பழகிப் போயிருந்தது. அழகம்மாள் குனிந்து அவளைக் கடிந்துகொண்டாள். "சாமி கும்மிக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிற? தட்டுடி."

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையிலிருந்து கட்டிக் கிடந்த கைகள் அவிழ்ந்தன.

பெண்கள் தட்டினார்கள். அவர்கள் தட்டி விட்ட இடைவெளியில் காவ்யா தட்டினாள். அந்தப் பக்கம் தன் அம்மாவோடு சேர்ந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த இன்னொரு பிள்ளை அதைக் கேட்டது. அதுவும் இடைவெளியில் தட்டியது. பிறகு இன்னொன்று. வட்டம் முழுக்க அம்மாக்களின் கைக்கு நடுவே பிள்ளைகளின் கை விழுந்தது. ஒற்றைச் சரமாக இருந்த கும்மி இரட்டைச் சரமாகப் பின்னிக்கொண்டது. பெண்களின் கால்கள் தாமாக வேகம் எடுத்தன. அழகம்மாளுக்குத் தாளம் தப்பியது.

"அம்மா, நீ ஒன் கைய மட்டும் பாரு. எங் கைய நான் பாத்துக்கிறேன்" என்றாள் காவ்யா.

அழகம்மாள் வட்டத்தை விட்டு ஒரு அடி பின்வாங்கி நின்றாள். தன் மகளின் கைகளையே பார்த்தாள். காவ்யா பரணில் ஏறி உலக்கையை எடுத்தது ஏன் என்று அவளுக்கு இப்போது தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடினாள். சுவரோரம் கண் நின்றது.

"டீச்சர், இங்கிட்டு வாங்க. அங்க நின்னா ஒங்க கை எங்களுக்கு எப்புடிக் கேக்கும்?"

அந்தக் கணீர்க் குரல் பொட்டலைத் தாண்டி வந்தது. செல்வராணி நடந்து போனாள். அழகம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். செல்வராணியும் தட்டினாள். அழுதுகொண்டே தட்டினாலும் தாளம் பிசகவில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள் குழுக் கூட்டம். பிச்சைமுத்து தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழகம்மாள் உள்ளே வந்தாள். தோளில் உலக்கை. அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பக்கத்தில் நின்ற செல்வராணி நகரவில்லை.

அழகம்மாள் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கழுவி, பூணுக்குக் கீழே புதுக் குங்குமம் வைத்திருந்தாள்.

"பாட்டு பீரியடு இருக்கட்டும் சார். கணக்குக்கு வேற நேரம் பாருங்க" என்றாள். பிறகு டீச்சரைப் பார்த்துத் திரும்பினாள். "இது கனம் டீச்சர். மூணாப்புக்கு ஆகாது. பெரிய பிள்ளைகளா ரெண்டு பேரு சேந்து புடிக்கட்டும். அடுத்த வருசம் காப்புக் கட்டுறதுக்கு முன்னால நானே வந்து எடுத்துட்டுப் போயிருவேன்."

செல்வராணி ஏதோ சொன்னாள். வாசலில் நின்ற மற்ற அம்மாக்களுக்குக் கேட்கவில்லை. டீச்சர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அழகம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மணலு மூட்டை பிஞ்சு போச்சாம். வேற ஒண்ணு வேணுமாம்."

அன்று கடைசிப் பிரிவேளைக்கு மூட்டை வந்து சேர்ந்தது. காப்பு அவிழ்த்த அந்த ஊரில் முதல் உலக்கைச் சத்தம் பள்ளிக்கூடத்திலிருந்துதான் கேட்டது.