எனோஸ் டில்மன் வெள்ளைக் கோடு போட்ட நட்டுகள்

என் அக்கா லவினாவைக் கட்டியபோது எனோஸ் டில்மனுக்குத் தண்டவாளத்தோடு நடப்பதுதான் வேலை. எங்கள் ஒஹாயோ ஊரிலிருந்து ஆற்றுப்பாலம் வரை ஏழு மைல். இரண்டு தண்டவாளம் சேரும் இடத்தில் தகடு வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். ரயில் ஓட ஓட நட்டு கழலும். அவர் ஸ்பேனரால் முடுக்கிக்கொண்டே போவார்.

மற்றவர்கள் முடுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவருக்கு மட்டும் அது உறுத்தியது.

“ரயிலு குலுக்குது, கழலுது. இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?” என்றார் மேஸ்திரி மெக்கிரெடி.

“குலுக்கினா எல்லாம்ல கழலணும்? ஒண்ணு கழலுது, பக்கத்துல இருக்கறது அப்படியே நிக்குதே?”

1868 வசந்தத்தில், வேலிக்கு அடிக்க அக்கா கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு நட்டிலும் தொடங்கி, போல்ட், தகடு வரை ஒரே கோடாக இழுத்தார். நட்டு சுற்றினால் கோடு உடைந்துவிடும். மழை கழுவினால் மறுபடி இழுத்தார்.

“நட்டுக்கு என்ன கல்யாணமா டில்மன், இந்த அலங்காரம் பண்ற?” என்று ரயில்காரர்கள் கத்திக்கொண்டு போவார்கள்.

இரண்டு மாதம் கழித்து நேரே என் பட்டறைக்கு வந்தார். நான் ஊர்க் கொல்லன். உட்காரக்கூட இல்லை.

“மாப்ளே, நிறைய நட்டுல கோடு உடையவே இல்ல. ஆனா சுத்தியலால தட்டினா போல்ட்டு லொடலொடங்குது. நட்டு முதல்ல சுத்தலடா! தகடு தேய்ஞ்சு இடம் விட்டுக்குது. அப்புறம்தான் நட்டு சுத்துது.”

“அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க மச்சான்?”

“நடுவுல ஒரு வளையம் வேணும். அமுக்கினா திமிறணும். இடம் விட விட, அது விரிஞ்சு பிடிச்சுக்கணும்.”

எஃகு வளையத்தில் ஒரு வெட்டுப் போட்டு, இரண்டு முனையையும் மேலும் கீழுமாக முறுக்கினோம். முதலில் செய்தவை படக்கென்று உடைந்தன. அடுத்தவை அமுக்கியதும் திமிறாமல் படுத்துவிட்டன. பதம் பிடிபட அந்தக் குளிர்காலம் முழுக்க ஆயிற்று. பாலத்து வளைவில் நூறு போட்டோம். ஒரு வருஷத்தில் தளர்ந்தவை ஏழுதான்.

காப்புரிமை வந்தது, ரயில் கம்பெனிகள் வந்தன. கால்வாய்க் கரையில் நாங்கள் போட்ட கொட்டகை தொழிற்சாலையாகி, நூற்று நாற்பது பேர் வேலை செய்தார்கள். நான் உலைகளுக்குத் தலைவன். மச்சான் முதலாளி போடும் கோட்டைப் போட்டுக்கொண்டே ஸ்டேஷனில் முட்டிபோட்டு நட்டைத் தட்டிப் பார்ப்பார். அக்காவுக்கு மானம் போகும்.

1881-இல், இண்டியானாவில் காட்லீப் ரென்னர் என்கிற கொல்லர் எங்கள் வளையத்தையே செய்து விற்பதாகத் தெரிந்தது. வக்கீல் சாட்டர்லீ ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

“கேஸ் போடுவோம். ஆறு மாசத்துல கடைய மூடிருவான்.”

மச்சான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சுத்தியல் தழும்பே இல்லயே. எப்படிப் பண்றான்?”

மறுநாளே ரயிலேறினோம். ரென்னர் பட்டறை வாசலை மறித்து நின்றார்.

“என்ன, கேஸ் போட வந்தீங்களா?”

“அத வக்கீல் பாத்துப்பாரு. நீங்க இத எப்படிச் செய்யறீங்க?”

“சொல்லிட்டு நான் தெருவுல நிக்கவா?”

“சரி, அப்ப நான் முதல்ல சொல்றேன்,” என்று மச்சான் சுண்ணாம்புக் கதையை எடுத்தார். ரென்னர் கதிரடிக்கும் இயந்திரத்துக்காக அந்த வளையத்தைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார். எங்கள் பெயரையே கேள்விப்பட்டதில்லை. அவர் மனைவி உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும் கொண்டுவந்து வைக்கும்போது இருவரும் தரையில் கரியால் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ரென்னர் செய்து காட்டினார். பழுக்கக் காய்ச்சிய எஃகுக் கம்பியை ஓர் உருளையில் நூல் சுற்றுவதுபோலச் சுற்றினார். நெடுக ஒரே வெட்டு. முப்பது வளையம் உதிர்ந்தது.

மச்சான் கைகொட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக அத்தனை பேருக்கும் ஒவ்வொன்றாகத் தட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்.

கேஸ் நடக்கவில்லை. ரென்னரைக் கூட்டாளியாகச் சேர்த்து, எங்கள் பெயர்ப்பலகையில் ‘டில்மன் அண்டு ரென்னர்’ என்று எழுதினார்கள். சாட்டர்லீ கோபித்துக்கொண்டு விலகினார். நானும்தான் கோபித்துக்கொண்டேன். அந்த இரண்டாவது பெயர் என்னுடையதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மூன்று மாதம் தொழிற்சாலைப் பக்கம் போகவில்லை, மச்சானோடு பேசவுமில்லை.

ஒருநாள் என் வீட்டு வாசலுக்கே வந்தார்.

“கோவிச்சுக்கோ மாப்ளே, வேணாங்கல. ஆனா முப்பதுக்கு மேல ஏன் சுத்த வரல? ரென்னருக்கும் தெரியல. அத மட்டும் வந்து பாத்துச் சொல்லிட்டுப் போயேன்.”

போனேன். சுற்றி முடிப்பதற்குள் கம்பி ஆறிவிடுகிறது, அவ்வளவுதான். உருளைக்குப் பக்கத்திலேயே ஓர் உலை கட்டினேன். இலையுதிர் காலத்தில் அறுபது சுற்றினோம். அதோடு என் கோபமும் ஒரு வழியாகப் போயிற்று.

மச்சான் 1894-இல் நெஞ்சில் சளி கட்டி இறந்தார். கடைசி வாரத்தில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: ஜனவரிக் குளிரில் சில வளையங்கள் மட்டும் ஏன் வெடிக்கின்றன? வளையத்தை முக்கிப் பதம் ஏற்றும் தண்ணீர்தான் காரணம் என்கிறார் ரென்னர். எஃகுதான் என்கிறேன் நான். இருவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.