சாரலை நம்பிப் போட்ட தளம்

தங்கச்சியின் வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணைக் கொடுத்தவன் அங்கே போனால் காப்பி குடிக்கலாம், பிள்ளைகளுக்குப் பண்டம் வாங்கிக் கொடுக்கலாம், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வரலாம். குறை மட்டும் சொல்லக் கூடாது. நானோ குறை சொல்லியே பிழைக்கிறவன். தென்காசியில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். கம்பி கொஞ்சம் சாய்ந்தால்கூடக் கத்துவேன். ஆனால் அவள் வீடு எழும்பியபோது மட்டும் வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் மாமியார் வீட்டில், அடுத்தவர் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தவள். மாப்பிள்ளைக்கு ராணுவத்தில் வேலை. மேலகரம் தாண்டி, குற்றாலம் போகிற பாதையில் தனியாக வீடு கட்டலாம் என்று அவரைச் சம்மதிக்க வைக்கவே அவளுக்கு வருஷக்கணக்காயிற்று. மாமியார் ஒரு நிபந்தனையோடுதான் சரி சொன்னார். அங்கே ஏதாவது தொந்தரவு என்று காதில் விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு இவள் திரும்பி வந்துவிட வேண்டும்.

சுவர் எழும்பி நின்றபோது, போன ஆனியில், மாப்பிள்ளை லீவில் வந்தார். போவதற்குள் மேல்தளம் போட்டாக வேண்டும் என்றார். கையோடு பாலிப்ரொப்பிலீன் நார் பாக்கெட்டுகள் வாங்கி வந்திருந்தார். அங்கே முகாமில் கான்கிரீட்டில் கலப்பதைப் பார்த்தாராம். இதைப் போட்டால் வெடிப்பே வராது என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

அந்த நாரை நானும் கலக்கிறவன்தான். நரைமுடி மாதிரி வெள்ளையாக இருக்கும். சிமெண்ட் வருகிற சாக்கும் அதே சரக்குதான். துருப் பிடிக்காது, தண்ணீரைக் குடிக்காது, சிமெண்டின் காரத்துக்கு அசையாது. தீப்பிடித்தால் முதலில் உருகி, உள்ளே அடைபட்ட நீராவிக்கு வழிவிடும். அதனால் கான்கிரீட் தெறித்து விழுவது குறையும். புதிதாகப் போட்ட கான்கிரீட்டின் மேல்பரப்பு காற்றில் வறண்டு மயிரிழையாக வெடிக்கப் பார்க்கும்போது, குறுக்கே கிடந்து இழுத்துப் பிடிக்கும். அதன் வேலை அவ்வளவுதான். பாரம் தாங்குவது கம்பியின் வேலை. தண்ணீர் விட்டு இறுக வைப்பது மனிதன் வேலை. இதைச் சொன்னேன். மாப்பிள்ளை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தளம் போட்ட அன்று, நார் விழுந்ததும் கலவை கெட்டியானது. அப்படித்தான் ஆகும். மாப்பிள்ளை வீட்டார் அமர்த்திய கொத்தனார் யோசிக்காமல் மிஷினில் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் கூடினால் காய்கிறபோது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும், ஊற்றாதீர்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மச்சான், இன்னிக்கு ஒரு நா சும்மா இரிங்க. பிரியாணி வருது, சாப்ட்டுப் போங்க" என்றார் மாப்பிள்ளை.

வேலையாட்கள் சிரித்தார்கள். இலை முன்னால் உட்கார்ந்தேன்.

மறுநாள் போனால் தளத்தில் பாத்தி இல்லை. ஓரங்களில் சிறு வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினால்தான் கான்கிரீட் இறுகும். கேட்டதற்கு, அதுதான் சாரல் அடிக்கிறதே என்றார்கள். இந்த ஊரில் இது ஒரு நம்பிக்கை. சீசனில் போட்ட தளத்துக்குத் தண்ணீர் விட வேண்டாம், குற்றாலமே பார்த்துக்கொள்ளும்! சாரல் சட்டையை நனைக்கும். ஆரியங்காவுக் கணவாயிலிருந்து வருகிற காற்று அடுத்த நிமிஷமே அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். நடுவில் வெயிலும் வரும். தளத்தில் கை வைத்துப் பார்த்தேன். வறண்டு வெதுவெதுவென்று கிடந்தது.

மாமியார் கீழே நாற்காலியில் இருந்தார். "மேல வானமே ஊத்துது, உங்க அண்ணாச்சி ஹோஸைத் தூக்கிட்டு அலையுதாக" என்று என் தங்கச்சியிடம் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குமேல் பேசினால் அடி அவளுக்குத்தான் விழும். பாத்தி கட்ட என் ஆளை அனுப்பினேன். வாசலிலேயே டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தையில் பால் காய்ச்சினார்கள். ஐப்பசி மழையில் கூரையில் ஈரக்கறை ஏறியிருக்க வேண்டும்; பெயிண்ட் அதை மூடியிருந்தது. பால் காய்ச்ச வந்திருந்த மாப்பிள்ளை ரயிலேறினார். அவள் தன் அடுப்பில் சமைக்கத் தொடங்கினாள். சாம்பார் நன்றாக வந்தது என்பதைச் சொல்லக்கூட எனக்கு போன் செய்வாள்.

இந்த ஆனியில் சாரல் வலுத்ததும் மறுபடி போன். வந்துவிட்டுப் போ என்றாள். காரணம் சொல்லவில்லை. போனேன். சமையலறைக் கூரை நெடுகக் கோடாக ஊறி, அடுப்புக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் ஏறிப் பார்த்தேன். வெடிப்பு சுவரிலிருந்து சுவர் வரை ஓடியிருந்தது. குனிந்து பார்த்தால் உள்ளே வெள்ளை நார்கள், இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு. அதனால்தான் வெடிப்பு விரியவில்லை. ஆனால் தண்ணீர் நுழைய அகலம் எதற்கு?

அடைக்க மருந்து இருக்கிறது. தளம் உள்ளும் புறமும் காய்ந்தால்தான் அது ஒட்டும். சாரல் நின்றால் ஐப்பசி மழை. பங்குனி வெயில் வரை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் அழவில்லை.

"அவுகட்ட சொல்லிராதண்ணே. அத்தை காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே பூட்டச் சொல்லிருவாக."

பேசிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். சாரல் எப்படி, வீடு எப்படி என்று கேட்டார். அவள் கைபேசியோடு கூடத்துக்கு நடந்து, ஈரம் படாத மூலையைக் காட்டினாள். பிறகு என்னைக் காட்டினாள்.

"பாத்தீகளா மச்சான்? அன்னிக்கு எவ்ளோ பயமுறுத்துனீக. சொட்டுத் தண்ணி எறங்குதா?"

அவள் போனுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள்.

"இல்ல மாப்ள, நல்லாருக்கு" என்றேன்.