தடவக் கூடும்

எங்கள் அச்சகத்தில் பிழை பார்க்கும் அக்காவுக்கு ‘ஒற்று’ என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஒரு ‘க்’ விட்டுப்போனால் போதும், ஓடுகிற வேலையை நிறுத்திவிடுவாள். வாய்க்கொழுப்பு என்று இரண்டு அச்சகங்களிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்தவள். மிஷின் ஓட்டுகிற நான் அவளால் ஒரு நாளும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அவளைப் போல ஒருத்தி கிடையாது.

அன்று ஆலைத் தொழிலாளர்களுக்கான முதலுதவிப் புத்தகம் மறுபதிப்பு. பழைய சிடியில் இருந்ததைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். அக்கா ஒரு வரியில் நின்றுவிட்டாள்: ‘தீக்காயத்தின் மேல் எண்ணெய் தடவக் கூடும்.’ கூடாது என்று இருக்க வேண்டியது! திருத்தினாள். சேமிக்க மறுத்து, ‘படிக்க மட்டும்’ என்றது திரை.

“சிடியில இருந்து வந்ததுல்ல, அப்படித்தான் இருக்கும். போன தடவையும் இதேதானே அடிச்சோம், யாரு கேட்டா?” என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பி, “மிஷினைப் போடுப்பா” என்றார்.

“போட்டுடுவியா நீ? போட்டுத்தான் பாரேன்!” என்றாள் அக்கா. நான் மிஷின் பக்கமே போகவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

கோப்பின் பண்புகளைத் திறந்து, ‘படிக்க மட்டும்’ என்பதற்கு எதிரே இருந்த குறியை எடுத்தாள். அனுமதி இல்லை என்றது. மறுபடி எடுத்தாள், மறுபடியும் இல்லை. “எனக்கு அனுமதி தர நீ யாருடா?” என்று திரையை அதட்டினாள். பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் ஏற்றிய நகலை விட்டுவிட்டு, டிரைவுக்குள்ளேயே கிடந்த சிடியின் கோப்போடு மல்லுக்கட்டியிருக்கிறாள்! எழுதி முடித்த சிடியில் எவன் வந்தாலும் ஒரு புள்ளி வைக்க முடியாது. அதை வெளியே தள்ளிவிட்டு நகலைத் திறந்தாள். அதிலும் அந்தக் குறி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எடுத்தாள், முரண்டு பிடிக்காமல் போனது. ‘கூடாது’ என்று அடித்துச் சேமித்தாள்.

“இப்போவாச்சும் அடிக்கலாமா தாயே?” என்று கும்பிட்டார் முதலாளி.

“அடிக்கலாம். கூடவே ஒரு திருத்தச் சீட்டும் அடிக்கணும். பழைய புத்தகம் போன ஆலைக்கெல்லாம் அனுப்பணும்.”

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “நாமளே தப்பு பண்ணோம்னு தண்டோரா போடறதா? என் மானமே போயிடும்!”

“ஒருத்தன் தோலு போறதுக்கு உங்க மானம் போறது தேவலை.”

அவர் வாயைத் திறப்பதற்குள், சீட்டுக்கான காகிதத்தை நான் மிஷினில் அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.